பள்ளத்தின் மேல் போடும் பழி

சைக்கிளின் பின்சக்கரத்தில் கம்பி அறுந்துவிட்டால் எங்கள் பகுதியில் கிடைப்பது ஒரே தீர்ப்புதான்: "பள்ளத்துல வுட்ருப்பே." விற்ற கடைக்காரர் அதைச் சொல்கிறார். கம்பெனியின் சேவை எண்ணில் பேசுகிறவர் சொல்கிறார். பக்கத்து அறைக்காரர் சொல்கிறார், வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். பள்ளம் இல்லையென்றால் டபுள்ஸ் போயிருப்பாய். டபுள்ஸும் இல்லையென்றால் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போயிருப்பாய். எப்படியும் குற்றவாளி ஓட்டியவன்தான். போயும் போயும் சைக்கிள் சக்கரத்துக்கு வாரண்டி கேட்பதா என்று ஓர் ஏளனமும் கூடவே வரும். ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டு பேசாமல் வேலைக்குப் போவதுதான் விவரமானவன் செய்கிற காரியம் என்பார்கள்.

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை ஊறிப்போன கருத்து இது. இந்தக் கருத்து தவறு. சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் இதைச் சொல்லமாட்டார். சட்டம் தெரிந்தவரும் சொல்லமாட்டார். ஆனாலும் இது நிலைத்திருக்கிறதென்றால், இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் எதிர்த்துக் கேட்கும் இடத்தில் இல்லை என்பதே காரணம்.

யார் அவர்கள்? பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலையின் அணுகுசாலையில் காலை ஷிப்ட்டுக்கு முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள். நிரந்தரத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் போகும். அவற்றின் ஓரத்தில், லாரிகளுக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவே, சைக்கிளில் போகிறவர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தண்டலத்திலும் மாத்தூரிலும் வல்லத்திலும் ஓர் அறையில் பலராகத் தங்கியிருப்பவர்கள். இவர்களுக்குச் சைக்கிள் என்பது உடற்பயிற்சிக் கருவியோ ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கோ அல்ல. அது நின்றால் ஷிப்ட் போகும். ஷிப்ட் போனால் அன்றைய கூலி போகும். லாரி பின்னால் வரும்போது சக்கரம் மடங்கினால் போவது கூலி மட்டும் அல்ல. சைக்கிள் சக்கரத்தை அற்ப விஷயம் என்பவர்கள் இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டாதவர்கள்.

எனக்கும் இது நேர்ந்தது. வாரண்டிக் காலத்துக்குள்ளேயே பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. அதைப் போட்டு ஓட்டிய சில வாரங்களில் அடுத்தடுத்து மேலும் சில அறுந்தன. வாங்கிய கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். கடைக்காரர் சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, "ரஃப் யூஸ் சார், கம்பெனி ஒத்துக்காது" என்றார். ஏரிக்கரைப் பக்கம் புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர்தான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிப் பார்த்தார். ஒன்று 'டிங்' என்றது, அடுத்தது 'தொப்' என்றது. "பள்ளத்துல வுழுந்த வீலு இல்ல தம்பி இது. ரிம்மு பாரு, அப்படியே வட்டமா கீது. கம்பிய ஒண்ணு இழுத்தும் ஒண்ணு வுட்டும் கட்டிக்கிறான். இத்த யார் ஓட்டனாலும் அறுந்துதான் போவும்" என்றார். விற்றவர் பார்க்காமல் சொன்ன தீர்ப்புக்கும் இவர் பார்த்துச் சொன்ன தீர்ப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

பெரியவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம். மாட்டு வண்டிச் சக்கரத்தில் அடிப்பக்கம் வரும் மரக்கட்டை தூண்போல நின்று பாரத்தைத் தாங்கும். சைக்கிள் கம்பியால் அப்படி நிற்க முடியாது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை நிறுத்தி மேலே பாரம் வைத்தால் வளைந்துபோகும். அதனால்தான் எல்லாக் கம்பிகளையும் ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரையை நோக்கியிருக்கும் சில கம்பிகளில் அந்த விறைப்பு குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி விறைக்கிறது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874ல் கம்பிகளைக் குறுக்காகப் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் நம் சைக்கிள்களில் இருப்பது அந்தப் பின்னல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1981ல், ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 'தி பைசிகிள் வீல்' என்ற நூலில் இந்த விறைப்பும் தளர்வும் எப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டே காட்டிவிட்டார். இதில் இனிக் கண்டுபிடிக்க வேண்டிய மர்மம் எதுவும் இல்லை.

பழைய இருபத்தெட்டு அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. அறைக்கும் ஆலைக்கும் போய்வர நாளுக்கு 10 கிலோமீட்டர் என்றால் 4,500 சுற்று. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால், ஒவ்வொரு கம்பியும் 13.5 லட்சம் தடவை தளர்ந்து விறைத்திருக்கும். ஒழுங்காகக் கட்டிய சக்கரத்துக்கு இது பொருட்டே அல்ல. வருடக்கணக்கில் கம்பி மாற்றாமல் ஓடும் சைக்கிள்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒழுங்காகக் கட்டாத சக்கரத்தில்தான் தொல்லை. விறைப்பு குறைவாக விட்ட கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து, ஹப்பின் துளைக்குள் அசைந்து, வளைவு இருக்கும் இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கும் நிப்பிள் தானாகவே கழல்கிறது. பக்கத்தில் அளவுக்கு மீறி இழுத்த கம்பி இதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது. கம்பியின் தலைக்குக் கீழே வளைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று விழுந்து, நாளுக்கு நாள் உள்ளே போய், ஒருநாள் காலையில் 'டப்' என்று அறுகிறது. இதற்குப் பெயர் உலோகச் சோர்வு.

இப்போது பள்ளத்துக்கு வருவோம். பள்ளத்தில் விழும் சக்கரத்துக்கு அடி விழுவது ரிம்மின் அடிப்பக்கத்தில். அந்தக் கணத்தில் அங்குள்ள கம்பிகள் மேலும் தளர்கின்றன, இழுபட்டு அறுவதில்லை. நல்ல எஃகுக் கம்பி ஒன்றை நேராக இழுத்து அறுக்க வேண்டுமானால் இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல் விசை வேண்டும். ஆகவே பள்ளம் கெடுத்த சக்கரம் தன் அடையாளத்தை ரிம்மில்தான் வைத்திருக்கும். விளிம்பு நசுங்கியிருக்கும், சுற்றிவிட்டால் ஒரே இடத்தில் துள்ளும். ரிம் வட்டம் குலையாமல் இருந்து, கம்பி மட்டும் ஹப்பின் வளைவில் அறுந்திருந்தால், பள்ளத்தைக் குற்றம் சொல்வது இயற்பியலையே புரட்டிப் போடுவதாகும். அறுந்த முகத்தைக் கவனித்தால் சாட்சி அங்கேயே இருக்கும்: விரிசல் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்த பகுதி வழவழப்பாகவும், கடைசியில் ஒடிந்த மிச்சப் பகுதி கரடாகவும் தெரியும். இதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும்.

மோசமான சாலையும் அதிகச் சுமையும் இந்தச் சோர்வை விரைவுபடுத்தும் என்பது உண்மை. மழைத்தண்ணீரில் ஊறித் துருப்பிடித்த நிப்பிள்கள், வருடக்கணக்காக எண்ணெய் காணாத ஹப் இவையெல்லாம் ஓட்டுகிறவரின் பொறுப்பு என்பதையும் மறுக்கவில்லை. ரிம் சப்பளிந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து புதிது கேட்கிறவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். என் வழக்கு வேறு. சில மாதமே ஓடிய, ரிம்மில் காயமில்லாத சக்கரத்தில் கம்பிகள் வரிசையாக வளைவில் அறுந்தால், காரணம் கம்பியின் தரத்திலோ அதைக் கட்டிய விதத்திலோ இருக்கிறது. இரண்டும் சைக்கிள் வாங்குகிறவர் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோன காரியங்கள்.

இந்த வட்டாரத்தில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்துக்கு 2010ல் ரெனோ-நிசான் வந்தது, 2012ல் டைம்லரின் பாரத்பென்ஸ் வந்தது, 2013ல் ராயல் என்ஃபீல்டு வந்தது. வாகனங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒன்றிய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்றும் ஒரகடத்தில் இருக்கிறது. இந்த ஆலைகளிலும் இவற்றுக்கு உதிரிபாகம் தரும் பட்டறைகளிலும் ஒரு போல்ட் ஒடிந்தால் என்ன நடக்கும் என்று இங்கே வேலை செய்கிற எவருக்கும் தெரியும். லைனை நிறுத்துவார்கள். எந்தத் தொகுதியில் வந்த பாகம், யார் பூட்டினார், என்ன டார்க்கில் பூட்டினார் என்று பதிவேட்டைப் புரட்டுவார்கள். 'வொய் வொய் அனாலிசிஸ்' என்று தாளை நீட்டி, ஏன் ஒடிந்தது, அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து படி கீழே இறங்கிக் காரணம் எழுதச் சொல்வார்கள். உதிரிபாகம் கொடுத்தவர் "ஓட்டுநர் பள்ளத்தில் விட்டிருப்பார்" என்று ஒரு வரி எழுதிக்கொடுத்துத் தப்பிக்க முடியாது. கார் சக்கரம் ஒன்று விற்பனைக்குப் போகுமுன் இயந்திரத்தில் மாட்டி, பாரம் ஏற்றி, லட்சக்கணக்கான சுற்றுகள் சுழற்றிச் சோர்வைச் சோதிப்பது நடைமுறை.

பகலெல்லாம் அந்தத் தாளை நிரப்புகிற தொழிலாளி மாலையில் தன் சைக்கிளோடு போய் நிற்கும்போது, அவருக்கு ஒரு 'ஏன்' கூடக் கிடைப்பதில்லை. பதினைந்து லட்ச ரூபாய்க் காருக்குள்ள மரியாதையை ஏழாயிரம் ரூபாய்ச் சைக்கிளுக்குக் கேட்கவில்லை. குனிந்து பார்க்கும் மரியாதையைக் கேட்கிறேன்.

"விலைக்கேற்ற தரம்தானே இருக்கும்" என்பது அடுத்த வாதம். நடுத்தர வர்க்கத்து நண்பர்கள் மிகுந்த நிதானத்தோடு இதைச் சொல்வார்கள். மலிவான சைக்கிளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கலாம், சீட் கடினமாக இருக்கலாம், கியர் இல்லாமல் இருக்கலாம். சக்கரமும் பிரேக்கும் அந்தப் பட்டியலில் சேராது. சைக்கிளின் பாதுகாப்புத் தேவைகளுக்கென்று ஐ.எஸ். 10613 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. ஏழைக்கு ஒரு பாதுகாப்பு, பணக்காரருக்கு ஒரு பாதுகாப்பு என்று அது பிரிக்கவில்லை. அதோடு, இங்கே பேச்சு விலை உயர்ந்த பொருளைப் பற்றியதே அல்ல. கம்பிகளை ஒரே சீராக இழுத்துக் கட்டி, இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து நன்றாக அழுத்தி, வளைவுகள் ஹப்பில் படிந்து உட்காரச் செய்து, மறுபடி ஒருமுறை கோட்டம் பார்ப்பதற்குத் தேவைப்படுவது கூடுதல் உலோகம் அல்ல, கூடுதல் நிமிடங்கள். அந்த நிமிடங்களைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். வாங்கிய சில வாரங்களில் சக்கரத்தைக் கொண்டுவந்து கோட்டம் பார்க்க வேண்டும் என்று கையேட்டிலேயே அச்சடிக்கிறார்களே, ஏன்? படியாத சக்கரம் பட்டறையைவிட்டு வெளியே போகிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

வாரண்டி அட்டையையும் கொஞ்சம் படிப்போம். பலவற்றில் சட்டகத்துக்கும் முன்கவைக்கும் தாராளமாக வருடங்களை அள்ளித் தந்திருப்பார்கள். அவை சாதாரணமாக ஒடியாதவை. ஒடியக்கூடிய கம்பி, ரிம், டயர், பால்ரஸ் எல்லாம் 'தேய்மானப் பாகங்கள்' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடும். டயர் தேய்கிறது, பிரேக் கட்டை தேய்கிறது; அவை உரசுகிறவை. கம்பி எதில் உரசித் தேய்கிறது? எட்டு மாதத்தில் அறுந்த கம்பியைத் தேய்மானம் என்று எழுதுவது மொழியையே ஏமாற்றுவது. அடுத்த வரியில் 'கரடுமுரடான பயன்பாட்டுக்குப் பொருந்தாது' என்று இருக்கும். அதே சைக்கிளின் விளம்பரப் படத்தில் ஓர் இளைஞன் பாறைமேல் தாவிக்கொண்டிருப்பான். பெயரிலேயே மலையும் புயலும் இருக்கும். பாறையைக் காட்டி விற்றுவிட்டு, குன்றத்தூர்ச் சாலையின் குழியைக் காட்டி மறுப்பது எந்த ஊர் நியாயம்? தமிழ்நாட்டில் சைக்கிள் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டுச் சாலை எப்படி இருக்கும் என்பது புதுச் செய்தியாக இருக்க முடியாது.

பெரிய கம்பெனி தவறு செய்யாது, அதனால் தவறு ஓட்டியவனுடையதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். உலகின் மிகப் பெரிய சைக்கிள் பாகத் தயாரிப்பாளரான ஜப்பானின் ஷிமானோ, 2012 முதல் 2019 வரை தயாரித்த மிதிக்கட்டை பொருத்தும் ஒட்டுவகைக் கிராங்குகள் ஏறத்தாழ 28 லட்சத்தை 2023 செப்டம்பரில் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. ஒட்டு விட்டு அவை பிரிந்துவந்தன. ஆயிரக்கணக்கானோர் புகார் செய்த பிறகு நடந்தது இது. ஒவ்வொருவரும் தன் மிதியின் மேல் பழி போட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சட்டத்தின் வரலாற்றிலேயே ஒடிந்த சக்கரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அமெரிக்காவில் டொனால்டு மக்ஃபெர்சன் என்பவர் ஓட்டிய ப்யூக் காரின் சக்கரத்தில் மரக்கட்டைகள் நொறுங்கின. கார் சரிந்து அவர் தூக்கி எறியப்பட்டார். கம்பெனி சொன்ன பதில்கள் நமக்குப் பழக்கமானவை. நீ எங்களிடம் வாங்கவில்லை, விற்பனையாளரிடம் வாங்கினாய். சக்கரத்தையும் நாங்கள் செய்யவில்லை, வேறொரு கம்பெனியிடம் வாங்கிப் பூட்டினோம். 1916 மார்ச்சில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ இந்த இரண்டையும் ஏற்கவில்லை. கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவர், அதைப் பயன்படுத்தப்போகும் மனிதருக்குக் கடமைப்பட்டவர். சக்கரத்தைச் சோதித்துப் பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்பது தீர்ப்பின் சாரம். பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற இன்றைய சட்டக் கொள்கை வளர்ந்ததில் அந்தச் சக்கரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் நாட்டிலும் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. பிறர் செய்த பாகங்களை வாங்கிப் பூட்டுகிறவரும், பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிக்கிறவரும் அந்தச் சட்டத்தின்படி தயாரிப்பாளர்தான். "ரிம் வேற கம்பெனி, கம்பி வேற கம்பெனி" என்ற பேச்சு அங்கே எடுபடாது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ, வெளிப்படையாகவோ உள்ளடக்கமாகவோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது 'குறைபாடு'. நிறைவேற்றும் எண்ணமே இல்லாத வாரண்டியைக் காட்டி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. இவ்வளவுக்கும் முன்னால், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உள்ளார்ந்த நிபந்தனையை வைத்திருக்கிறது. தனியாக ஒரு வாரண்டி கொடுத்துவிட்டதாலேயே, அதற்கு முரணாக இருந்தாலன்றி, அந்த நிபந்தனை மறைந்துவிடாது என்றும் அது சொல்கிறது. அட்டையில் இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை என்பதைத்தான் இத்தனை பிரிவுகளும் சொல்கின்றன.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோனதில் அந்தச் சைக்கிளுக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறவன் நான். அந்தச் சக்கரம் கோணும்போது பெற்றோர் கேட்க வாய் திறப்பதில்லை. இனாமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஊரே வாயை அடைத்துவிடும். அது இனாம் அல்ல. மக்கள் வரிப் பணத்தில் அரசு விலை கொடுத்து வாங்கியது. விலை கொடுத்தவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர் என்று சட்டம் சொல்லும்போது, அந்த மாணவிக்கும் கேட்கும் உரிமை உண்டு என்று வாதிட இடம் இருக்கிறது. அதற்கும் முன்னால், இவ்வளவு பெரிய கொள்முதல்காரரான அரசு ஒப்பந்தப்புள்ளியிலேயே சக்கரத்தின் விறைப்பைச் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால், சந்தை முழுவதும் தானாகத் திருந்தும்.

சில்லறைக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் குறைவு. பெட்டியில் அரைகுறையாக வரும் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது அவர் தலையில் விழுகிறது. சக்கரம் மாற்றிக் கொடுத்தால் கம்பெனி அவருக்குத் திருப்பித் தருமா என்பதும் நிச்சயமில்லை. 'ரஃப் யூஸ்' என்பது பல நேரம் அவர் கண்டுபிடித்த சொல் அல்ல, மேலிருந்து அவர் வாயில் வைக்கப்பட்ட சொல். ஆனாலும் பார்க்காமலே சொல்வது அவருடைய குற்றம்தான். சட்டத்தில் விற்றவரையும் தயாரித்தவரையும் சேர்த்தே கேட்கலாம். எழுத்தில் புகார் வந்துவிட்டால் அதை மேலே தள்ள அவருக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது, அதுதான் மிகவும் வலுவானது: "ஏழாயிரம் ரூபாய்க்கு எவன் கோர்ட்டுக்கு அலைவான்?" இதை எளிதாகத் தள்ள முடியாது. சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பு அப்படி இல்லை. நுகர்வோர் ஆணையங்களில் காலியிடங்களை நிரப்பாததைப் பற்றி 2021ல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. தினக்கூலிக்காரரின் நேரத்துக்கு விலை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வாதம் எதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். கேட்பவர் தவறு என்று அது சொல்லவில்லை. கேட்டால் களைத்துப்போவார் என்று மட்டும் சொல்கிறது. அந்தக் களைப்பை நம்பித்தான் மறுக்கிறார்கள். பெரும்பாலான மறுப்பு ஆணையம்வரை போகவேண்டியதே இல்லை. மறுப்பை எழுதிக் கொடுங்கள், யார் சோதித்தார், என்ன கண்டார் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள் என்று கேட்டதுமே பேச்சு மாறிவிடும். பார்க்காத சக்கரத்தைப் பற்றி எழுத்தில் பொய் சொல்ல யாரும் விரும்புவதில்லை. அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஒரே வகைச் சக்கரம் பலருக்கு அறுகிறதென்றால், ஆபத்தான பொருளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. மோட்டார் வாகனங்களைத் திரும்ப அழைக்க 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தனிப் பிரிவு சேர்த்தார்கள்; சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் இல்லாததால் இந்த வழியை நாம் விட்டுவிடக் கூடாது. அங்கே போய்ச் சேருவதற்கும் புகார்கள் எழுத்தில் குவிய வேண்டும்.

ஆகவே, கம்பி அறுந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். மெக்கானிக் கழற்றிப் போடும் துண்டையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். பழுது பார்ப்பதற்கு முன் ரிம்மைச் சுற்றிவிட்டு கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் வாங்காமல் சைக்கிள் வாங்காதீர்கள். அறைத் தோழர் ஒடியாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருந்து தமிழில் எழுதத் தெரியாமல் தவித்தால், அவருக்காக நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவரும் உங்களோடு அதே அணுகுசாலையில்தான் வருகிறார். புகாரைச் சைக்கிள் வாங்கிய ஊரிலோ கம்பெனி இருக்கும் ஊரிலோ போய்க் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்தில், அல்லது வேலை செய்யும் இடத்தில் கொடுக்கலாம். செம்பரம்பாக்கத்தில் இருப்பவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். இணையத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளின் விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் ஒரு காசும் கிடையாது. கால அவகாசம் இரண்டு ஆண்டு.